மீனை உறைய வைத்த மனிதர்



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். எடிசன், ராமானுஜன், விஸ்வேஸ்வரய்யா எல்லோரையும் ஏற்கெனவே ஆளுக்கு ஒருவராகப் பங்கு போட்டுக் கொண்டுவிட்டார்கள். மிச்சம் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். சட்டென்று ஒரு மீன் வியாபாரி நினைவுக்கு வந்தார். ஆமாம், மீன் வியாபாரிதான்! சிரிக்காதீர்கள். உலகத்தின் சாப்பாட்டுப் பழக்கத்தையே மாற்றிய மனுஷர் அவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பெயர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. பேர்ட்ஸ்ஐ என்றால் பறவையின் கண் என்று அர்த்தம்.

இவரை எனக்கு அறிமுகப்படுத்தியது புத்தகம் அல்ல, ஒரு ஃபோர்மேன். இன்பிளான்ட் டிரெயினிங்குக்காகத் தூத்துக்குடிப் பக்கம் ஓர் இறால் பதப்படுத்தும் ஆலைக்கு இரண்டு வாரம் போயிருந்தேன். வெளியே உப்பளத்து வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே நுழைந்தால் பல் தந்தியடிக்கிறது. அங்கே வரிசையாக நின்ற பிளேட் ஃப்ரீசர்களை ஃபோர்மேன் அண்ணாச்சி பொறுமையாக விளக்கினார். அடுக்கடுக்காக அலுமினியத் தட்டுகள். தட்டுகளின் வயிற்றுக்குள் அம்மோனியா ஓடுகிறது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே இறால் டிரேயை வைத்து ஹைட்ராலிக்கில் இறுக்கினால், மேலும் கீழுமாகக் குளிர் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் இறால் பாளம் கருங்கல் மாதிரி ஆகிவிடும்.

ஒரு நாள் காலையில், துறைமுகத்துக்குப் போன ரீஃபர் கன்டெய்னர் ஒன்று திரும்பி வந்து நின்றது. வழியில் அதற்கு மின்சாரம் கொடுக்கிற ஜெனரேட்டர் சில மணி நேரம் ஓடவில்லை. டீசலை மிச்சம் பிடிக்க யாரோ அணைத்தார்களா, தானாக நின்றதா, தெரியாது. பெட்டியைத் திறந்து பார்த்தால் இறால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்த டேட்டா லாகர், நம்ம கையில் அடங்குகிற ஒரு குட்டிக் கருவி, எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. மைனஸ் 18 டிகிரியை ஒட்டி நேராகப் போன கோடு ஓர் இடத்தில் மலை மாதிரி ஏறி இறங்கியிருந்தது. அவ்வளவுதான், சரக்கு கப்பல் ஏறாது. எத்தனை பேருடைய உழைப்பு! அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு டீ குடிக்கும்போது, இந்தத் தட்டு மிஷினை உண்டாக்கின வெள்ளைக்காரரும் ஒரு தடவை இப்படித்தான் எல்லாம் போய் உட்கார்ந்தார், தெரியுமா தம்பி என்று ஆரம்பித்தார். அன்றைக்குப் பிடித்த ஆர்வம்தான் இந்தக் கட்டுரை.

தவளை விற்ற மாணவர்

1886ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கிளாரன்ஸ் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஆறாவது. சின்ன வயதிலேயே காடு, மேடு, பறவை, பிராணி என்றால் பையனுக்கு உயிர். இறந்த பிராணிகளைப் பாடம் செய்து வைக்கிற கலையைத் தானே கற்றுக்கொண்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் உயிரியல் படிக்கச் சேர்ந்தார். எப்போது பார்த்தாலும் பூச்சி, பல்லி என்று திரிந்ததால் கூடப் படித்தவர்கள் வைத்த பட்டப்பெயர் பக்ஸ், அதாவது பூச்சி!

வீட்டில் பண நெருக்கடி. ஃபீஸ் கட்ட வழியில்லை. மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? குட்டையில் தவளை பிடித்து, பாம்புகளுக்குத் தீனியாக பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலைக்கு விற்றார். எலி பிடித்து ஆராய்ச்சி செய்கிற பேராசிரியருக்கு விற்றார். தவளையும் எலியும் எத்தனை நாள் ஃபீஸ் கட்டும்? 1908இல் படிப்பைப் பாதியில் விட வேண்டியதாயிற்று. பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தார்.

பிறகு அமெரிக்க விவசாயத் துறையின் உயிரியல் கணக்கெடுப்புப் பிரிவில் வேலை. 1910, 1911ஆம் ஆண்டுகளில் மொன்டானா மாநிலத்தின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் புள்ளிக் காய்ச்சல் ஆராய்ச்சிக்குப் போனார். உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சல் அது. மருந்தே இல்லாத காலம். நூற்றுக்கணக்கான சின்னப் பிராணிகளை இவர் பிடித்துக் கொடுக்க, அவற்றின் உடம்பிலிருந்து பூச்சியியல் அறிஞர்கள் உண்ணிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். உயிரைப் பணயம் வைத்த வேலை. இதிலிருந்தே தெரிகிறது, நம்ம ஆளுக்கு மேஜை நாற்காலி ஒத்துவராது என்று!

மைனஸ் 40

1912இல் கிளாரன்ஸ் லாப்ரடார் போய்ச் சேர்ந்தார். வட அமெரிக்காவின் வடகிழக்கு ஓரம், இன்றைய கனடா. அங்கே நரித்தோல் வியாபாரம். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் நூற்றுக்கணக்கான மைல்கள் பனியில் பயணம். கிடைத்ததைச் சாப்பிட வேண்டும். இவரோ எது கிடைத்தாலும் ருசி பார்க்கிற ஆசாமி. காட்டுப்பூனையைக்கூட விட்டு வைக்கவில்லை.

அங்கேதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட காட்சியைப் பார்த்தார். அந்த மண்ணின் பூர்வகுடிகளான இன்யூட் மக்கள் உறைந்த கடலில் துளை போட்டுத் தூண்டில் விடுவார்கள். (எஸ்கிமோ என்று பழைய பாடப்புத்தகங்களில் படித்திருப்போமே, அவர்கள்தான். இன்யூட் என்பதே அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர்.) வெளியே இழுத்த மீன், காற்றுப் பட்டதும் விறைத்துக் கட்டையாகிவிடும். அங்கே குளிர் மைனஸ் 40 டிகிரி வரைக்கும் இறங்கும். நண்பர்களே, மைனஸ் 40 என்றால் சென்டிகிரேடா, ஃபாரன்ஹீட்டா என்று கேட்கவே வேண்டாம். இரண்டு அளவுகளும் கைகுலுக்கிக்கொள்கிற ஒரே இடம் அதுதான்!

ஆச்சரியம் என்னவென்றால், அந்த மீனைப் பல வாரங்கள் கழித்து எடுத்துச் சமைத்தாலும் அன்றைக்குப் பிடித்த மீன் மாதிரியே இருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்க நகரங்களில் உறைந்த மீன் என்றாலே முகம் சுளிப்பார்கள். உருகினால் தண்ணீர் ஒழுகும், சதை பஞ்சு மாதிரி ஆகிவிடும், ருசியே இருக்காது. அதுவும் உறைந்த மீன், இதுவும் உறைந்த மீன். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

சாதாரண ஆள் என்றால் வியந்துவிட்டுச் சாப்பிட்டிருப்பார். பேர்ட்ஸ்ஐ ஒப்பிட்டுப் பார்த்தார். நடுக்குளிர் காலத்தில் உறைந்த மீனும் மாமிசமும் நன்றாக இருக்கின்றன. குளிர் குறைந்த இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் உறைந்தவை அவ்வளவு நன்றாக இல்லை. இடம் ஒன்று, மீன் ஒன்று, மாறியது குளிரின் வேகம் மட்டும்! அந்த வேகத்தில்தான் எல்லாமே இருக்கிறது என்று பிடித்துவிட்டார்.

காரணம் நமக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. மீனில் பெரும்பகுதி தண்ணீர். மைனஸ் 1 முதல் மைனஸ் 5 டிகிரிக்குள் அதில் பெரும்பகுதி பனிக்கட்டியாகிறது. இந்த எல்லையை மெதுவாகக் கடந்தால், படிகங்கள் சாவகாசமாக வளர்ந்து ஊசி ஊசியாகத் திசுக்களைக் கிழித்துவிடும். உருக வைக்கும்போது ருசியும் சத்தும் தண்ணீரோடு ஒழுகிப் போகும். சடாரென்று கடந்தால் படிகங்களுக்கு வளர நேரமே கிடைக்காது. பொடிப்பொடியாக நின்றுவிடும். திசு பிழைத்துக்கொள்ளும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வேகமாக உறைய வைப்பதைத் தானே கண்டுபிடித்ததாக பேர்ட்ஸ்ஐ பெருமை அடித்துக்கொள்ளவில்லை. இன்யூட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததைத்தான் தாம் எடுத்துக்கொண்டதாக வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். டென்மார்க்கில் ஆட்டசன் என்பவர்கூட உப்புக் கரைசலில் மீனை வேகமாக உறைய வைக்கும் முறைக்கு முன்பே காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் பின்னால் கோடிக்கணக்கில் பணம் புரண்டபோது, பனியில் உட்கார்ந்து தூண்டில் போட்ட அந்த மக்களுக்குக் கிடைத்தது வெறும் நன்றி மட்டும்தான். இது அவருடைய வரலாற்றில் நெருடுகிற இடம். மறைக்காமல் எழுதுவதுதான் நியாயம்.

1915இல் எலினார் கேனட் என்ற பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு மனைவியையும் கைக்குழந்தையையும் லாப்ரடாருக்கு அழைத்துப் போனார். பச்சைக் காய்கறியே கிடைக்காத ஊரில் குடும்பத்துக்கு என்ன கொடுப்பது? கப்பலில் வந்த முட்டைக்கோஸைப் பீப்பாயில் போட்டு உப்புத் தண்ணீர் ஊற்றி வெளியே வைத்து உறைய விட்டார். வேண்டும்போது உடைத்து எடுத்துச் சமைத்தார்கள். அவருடைய முதல் ஆய்வுக்கூடம் வீட்டு வாசல்! முதலாம் உலகப் போரில் அமெரிக்காவும் இறங்க, 1917இல் குடும்பத்தோடு ஊர் திரும்பினார்.

ஏழு டாலர் ஆய்வுக்கூடம்

ஊர் திரும்பியவர் சில வேலைகள் மாறி, மீன்தொழில் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். துறைமுகத்தில் துள்ளத் துடிக்க இறங்குகிற மீன், பனிக்கட்டி போட்டு நகரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி கெட்டுப்போவதைக் கண்ணால் பார்த்தார். பிடிக்கிறவனுக்கும் நஷ்டம், தின்கிறவனுக்கும் நஷ்டம். லாப்ரடார் குளிரை நியூயார்க்குக்கு எப்படிக் கொண்டு வருவது? இதுதான் அவருடைய ப்ராஜெக்ட்.

ஒரு மின்விசிறி, சில வாளி உப்புக் கரைசல், சில பனிக்கட்டிப் பாளங்கள். மொத்தச் செலவு ஏழு டாலர் என்று சொல்வார்கள். அவ்வளவுதான் லேப்! நமக்கு லேபில் ஒரு தெர்மாமீட்டர் உடைந்தாலே எக்ஸ்பெரிமென்ட் நின்றுபோகிறது.

1923இல் நியூயார்க்கில் பேர்ட்ஸ்ஐ ஸீஃபுட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். மீனைத் துண்டு போட்டு அட்டைப் பெட்டியில் அடைத்து உறைய வைத்து விற்பது திட்டம். மீன் நன்றாகவே உறைந்தது. ஆனால் யார் வாங்குவார்கள்? உறைந்த மீன் என்றாலே மட்டம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். வாங்கி வைத்து விற்கக் கடையில் குளிர்ப்பெட்டி கிடையாது. 1924இல் கம்பெனி திவால்!

அப்போது அவருக்கு வயது 37. கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கிற மனுஷர். படிப்பும் பாதி, தொழிலும் பாதி. சொந்தக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? தன்னுடைய ஆயுள் காப்பீட்டுப் பாலிசியையே பணமாக்கி மறுபடியும் அதே தொழிலில் இறங்கினார். இது சரியா, தப்பா? என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, பெண்டாட்டி பிள்ளைகளை நினைக்காதவன் என்று திட்டினார். ஜெயித்ததால் நாம் இதைத் துணிச்சல் என்கிறோம். தோற்றிருந்தால் வேறு பெயர் வைத்திருப்போம். எலினார் கூட நின்றார் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டு பெல்ட்டுக்கு நடுவே

இந்தத் தடவை போன இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடற்கரையில் இருக்கும் கிளாஸ்டர். முந்நூறு வருஷ மீன்பிடித் துறைமுகம். கூட்டாளிகளோடு சேர்ந்து ஜெனரல் ஸீஃபுட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார். இங்கேதான் நம்ம மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் பிடித்த பகுதி வருகிறது.

குளிர்ந்த காற்றை ஊதி உறைய வைப்பது மெதுவான வேலை, ஏனென்றால் காற்று வெப்பத்தை லேசில் கடத்தாது. உலோகம் கடத்தும். ஆகவே மீன் துண்டுகளை முதலில் தட்டையான பெட்டியில் அடைத்து, அந்தப் பெட்டியை இரண்டு துருப்பிடிக்காத எஃகு பெல்ட்டுகளுக்கு நடுவே அழுத்தியபடி நகர்த்தினார். பெல்ட்டுகளின் மறுபக்கத்தில் சுமார் மைனஸ் 40 டிகிரி கால்சியம் குளோரைடு கரைசல் தெளிக்கப்படும். ஏன் சாதா உப்பு இல்லை? சாதா உப்புக் கரைசல் சுமார் மைனஸ் 21 டிகிரியிலேயே உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு மைனஸ் 50ஐயும் தாங்கும். கரைசல் மீனைத் தொடவே தொடாது. குளிர் மட்டும் உள்ளே போகும்.

தட்டைப் பெட்டி என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜெர்மன் பொறியாளர் ருடால்ஃப் பிளாங்க் 1913இல் உறையும் நேரத்துக்கு ஒரு சமன்பாடு கொடுத்தார். குளிர்ந்த உலோகம் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால், பொருளின் தடிமன் இரண்டு மடங்கானால் உறையும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். முழு மீனைக் குவியலாகப் போட்டால் விடிய விடியக் காத்திருக்க வேண்டும். அதையே மெல்லிய பாளமாக்கி இரண்டு பக்கமும் அழுத்தினால் மணிக்கணக்கில் வேலை முடிந்துவிடும். பின்னால் பெல்ட்டுக்குப் பதில் உள்ளே குளிரூட்டி ஓடும் தட்டுகளை அடுக்கி ஒரு மிஷின் செய்தார். அதுதான் மல்டிபிளேட் ஃப்ரீசர். தூத்துக்குடியில் நான் பார்த்த மிஷினின் தாத்தா!

இன்னொரு லாபமும் உண்டு. தலை, முள், தோல் எல்லாம் துறைமுகத்திலேயே நின்றுவிடும். நகரத்துக்குச் சதை மட்டும் போகும். வண்டி வாடகை மிச்சம். வாங்குகிற வீட்டுக்காரிக்கு அரிவாள்மனை வேலையும் மிச்சம்.

இரண்டு கோடியே இருபது லட்சம் டாலர்!

போஸ்டம் என்ற உணவுக் கம்பெனியின் உரிமையாளர் மார்ஜோரி மெரிவெதர் போஸ்ட் தன் படகில் கிளாஸ்டர் வந்தபோது விருந்தில் அருமையான வாத்துக்கறி சாப்பிட்டாராம். அது பல மாதம் உறைந்து கிடந்த வாத்து என்று தெரிந்ததும் அசந்துபோய்க் கம்பெனியையே வாங்கச் சொன்னாராம். கதை எவ்வளவு உண்மையோ, வியாபாரம் உண்மை. 1929இல் போஸ்டமும் கோல்ட்மேன் சாக்ஸும் சேர்ந்து காப்புரிமைகளையும் கம்பெனியையும் 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்கின. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. நம்ம ஆள் சரியான நேரத்தில் கரையேறிவிட்டார்! அவருடைய பெயரை இரண்டாகப் பிரித்து பேர்ட்ஸ் ஐ என்று பிராண்ட் ஆக்கினார்கள். அவர் காசை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. ஆராய்ச்சிப் பொறுப்பில் தொடர்ந்து வேலை செய்தார்.

1930 மார்ச் 6ஆம் தேதி, மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் 18 கடைகளில் உறைந்த உணவு விற்பனைக்கு வந்தது. மீன், மாமிசம், சிப்பி, பட்டாணி, கீரை, பழம் எல்லாம் உண்டு. இனி வெற்றிதான் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை!

மிஷின் ஜெயித்துவிட்டது. ஆனால் மிஷினுக்கும் சாப்பிடுகிறவர் தட்டுக்கும் நடுவே எத்தனை கை மாறுகிறது! ஆலையில் மைனஸ் 40இல் உறைய வைத்துவிட்டு, சாதாரண ரயில் பெட்டியில் அனுப்பினால் என்ன ஆகும்? கடைக்காரரிடம் வைக்க இடம் இல்லையென்றால்? பாதி உருகி மறுபடி மெதுவாக உறைந்தால், பெரிய படிகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். லாப்ரடாரில் கற்ற பாடமெல்லாம் வீண். அங்கே குளிர் இயற்கை கொடுத்தது, குளிர்காலம் முழுக்க அறுபடாமல் இருந்தது. இங்கே ஒவ்வொரு அடியிலும் மனிதன் உண்டாக்க வேண்டும்.

அதனால் அடுத்த பல வருஷங்கள் அந்தச் சங்கிலியைக் கோப்பதிலேயே போயின. 1934இல் அமெரிக்கன் ரேடியேட்டர் கம்பெனி மூலம் மலிவான குளிர்ப்பெட்டிகள் செய்து கடைகளுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். 1944இல் உறைந்த உணவுக்கென்றே குளிர் ரயில் பெட்டிகளை வாடகைக்கு ஓட விட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் தகர டப்பாவுக்குத் தட்டுப்பாடு வந்ததும், அட்டைப் பெட்டியில் வரும் உறைந்த உணவுக்கு மவுசு கூடியது. 1924இல் கம்பெனி கவிழ்ந்ததற்கும் பின்னால் நிமிர்ந்ததற்கும் காரணம் மிஷின் மட்டும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் தடவை மீன் இருந்தது, சங்கிலி இல்லை. இரண்டாம் தடவை சங்கிலியும் சேர்ந்தது.

ஓயாத மனுஷர்

கையில் காசு வந்தவர் ஓய்வெடுத்தாரா? சூடுபடுத்தும் அகச்சிவப்பு விளக்கு, பின்னுதைப்பு இல்லாத திமிங்கில ஈட்டித் துப்பாக்கி, உணவை உலர்த்தும் முறை என்று வரிசையாகக் கண்டுபிடித்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் தென்னமெரிக்காவில் பெரு நாட்டுக்குப் போய்க் கரும்புச் சக்கையிலிருந்து காகிதக் கூழ் செய்யும் வேலையில் இறங்கினார். ஏறக்குறைய 300 காப்புரிமைகள் அவர் பெயரில் உண்டு.

1956 அக்டோபர் 7ஆம் தேதி நியூயார்க்கில் மாரடைப்பால் காலமானார். வயது 69. அவருடைய அஸ்தியை கிளாஸ்டர் கடலில் கரைத்தார்கள். மீன் கொடுத்த கடலுக்கே போய்ச் சேர்ந்தார்.

இன்று அவர் வந்தால்?

பேர்ட்ஸ்ஐ காலத்தில் மீன் சரியாக இருக்கிறதா என்று சொன்னது கையும் மூக்கும் நாக்கும்தான். தெர்மாமீட்டர் உண்டு. ஆனால் வண்டி கிளம்பும்போது ஒரு தடவை, சேரும்போது ஒரு தடவை பார்ப்பார்கள். நடுவில் நடந்தது யாருக்கும் தெரியாது. அவர் கோத்த சங்கிலியில் எந்தக் கண்ணி எப்போது அறுந்தது என்று காட்டுகிற கண் இல்லை. இன்றைய டிஜிட்டல் தொழில்நுட்பம் கொடுத்திருப்பது அந்தக் கண்ணைத்தான்.

இப்போது அந்தக் கண் மீன் உயிரோடு இருக்கும்போதே திறந்துவிடுகிறது. நார்வே நாட்டில் 1970ஆம் ஆண்டு வாக்கில் கடலில் வலைக்கூண்டு போட்டு சால்மன் மீன் வளர்க்க ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு கூண்டில் இரண்டு லட்சம் மீன்கள் வரை வளர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. செலவில் ஏறக்குறைய பாதி தீவனத்துக்கே போகிறது. அதனால் தண்ணீருக்குள் கேமரா வைத்து, கரையில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, மீன் தின்பதைப் பார்த்துப் பார்த்துத் தீவனம் விடுகிறார்கள். தின்பதை நிறுத்தியதும் தீவனமும் நின்றுவிடும். ஆக்ஸிஜன், வெப்பநிலை எல்லாவற்றுக்கும் சென்சார். கடல் பேன் என்ற ஒட்டுண்ணி, மீனுக்குச் சராசரியாக அரைப் பெண் பேனுக்கு மேல் போகக் கூடாது என்று அங்கே விதி. முன்பு மீனைப் பிடித்து மயக்கம் கொடுத்துக் கையால் எண்ணுவார்கள். இப்போது கேமராவும் கம்ப்யூட்டரும் நீந்துகிற மீனைத் தொடாமலே எண்ணும் முறையும் வந்திருக்கிறது.

பக்கத்து நாடான ஐஸ்லாந்திலும் ஒரு கதை உண்டு. ஆடுகிற கப்பலில் மீனைச் சரியாக எடை போடும் மின்னணுத் தராசைப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் உருவாக்கினார்கள். அதிலிருந்து 1983இல் மாரெல் என்ற கம்பெனி பிறந்தது. இன்று எக்ஸ்ரே வைத்து முள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, தண்ணீர்ப் பீச்சில் அதை மட்டும் வெட்டி எடுக்கும் மிஷின்கள் அங்கேயிருந்து வருகின்றன. எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களே, மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்தாதீர்கள். வேலை அங்கேயும் இருக்கிறது!

நார்வே சால்மனில் பெரும்பகுதி உறைய வைக்கப்படாமல், ஐஸ் போட்ட பெட்டியில் பச்சை மீனாகவே வெளிநாடு போகிறது. அதற்குக் குளிர்ச் சங்கிலி இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும், சில மணி நேரத் தவறுகூட ருசியில் தெரிந்துவிடும். நம் நாட்டின் கடல் உணவு ஏற்றுமதியில் முதலிடம் உறைந்த இறாலுக்கு. அதற்கும் மைனஸ் 18 என்ற கோடு அறுபடக் கூடாது. எந்த மீனாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். வேகமாகக் குளிர வை, வழியில் விட்டுவிடாதே.

பேர்ட்ஸ்ஐ இன்று வந்தால் டேட்டா லாகரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்று. அந்தத் தூத்துக்குடிக் கன்டெய்னரில் லாகர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஜெனரேட்டர் நின்ற நிமிஷத்தைக்கூடக் குறித்து வைத்தது. ஆனால் அதால் ஜெனரேட்டரை மறுபடி ஓட விட முடியவில்லை. நடந்ததைக் கருவி சொல்லும். நடக்காமல் பார்த்துக்கொள்வது ஆள்தான். இப்போது வழியிலேயே செல்போனுக்குத் தகவல் அனுப்புகிற லாகர்களும் இருக்கின்றன. அந்தத் தகவலைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்க்க ஒருவர் வேண்டுமே!

நண்பர்களே, அந்த ஒருவர் யார்? கம்ப்ரஸர் ரூமில் இரவு ஷிப்டு பார்ப்பவர், ஜெனரேட்டரைப் பழுது பார்ப்பவர், சென்சாரைச் சரிபார்ப்பவர். பெரும்பாலும் டிப்ளமோக்காரர்தான். நாளைக்கு நீங்களும் நானும்தான். பெரிய பட்டம் இல்லையே என்று நம்மில் பலருக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருக்கும். எனக்கும் இருந்தது. பட்டமே வாங்காத ஒரு மனுஷர், பனியில் கிடந்த மீனைக் கூர்ந்து பார்த்ததற்கும், திவாலான பிறகும் அறுந்த கண்ணி எது என்று தேடியதற்கும் கிடைத்த பலன்தான் இன்று உலகம் முழுவதும் ஓடுகிற பிளேட் ஃப்ரீசர்.

அன்றைக்கு அண்ணாச்சி கொடுத்த கிராஃப் தாளின் நகல் என் ரெக்கார்டு நோட்டில் ஒட்டியிருக்கிறது. நேர்க்கோட்டின் நடுவே அந்த மலை. நான் வேலைக்குப் போகிற இடத்தில், என் ஷிப்டில், அப்படி ஒரு மலை எழும்பக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை. உங்களுக்கும் அந்த ஆசை வரட்டும். வாழ்த்துகள்!